நான் ஒரு மங்கு

(கோத்தா கோலா மூடாவில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வகுப்பறையில் படைப்பாற்றல்' என்ற தலைப்பில் பேசச் சொன்னீர்கள். தலைப்பு பெரியது. அதில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் எழுத்து வேலைதான் அது. கெடாவின் தோட்டப்பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். இன்று திரும்பிப் பார்க்கும்போது, நடத்திய பாடங்களைவிடக் கொடுத்த வேலைகள்தான் அதிகம் நினைவுக்கு வருகின்றன. வழியில் சந்திக்கும் பழைய மாணவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். 'டீச்சர், அந்த மங்குக் கட்டுரை நினைவிருக்கா?' என்று கேட்கிறார்கள். எந்த இலக்கணப் பாடத்தையும் அப்படி யாரும் கேட்டதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை நன்றாக எழுத இரண்டு வேண்டும். எழுதுவதற்கான பொருள் பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எழுதியதைப் படிக்க உண்மையான ஓர் ஆள் இருக்க வேண்டும். இவை இருந்தால் எந்தப் பிள்ளையும் எழுதும். இவை இல்லாத இடத்தில் மனப்பாடம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் பள்ளிகளில் படித்த எல்லாருக்கும் 'தன்கதை' தெரியும். ஒரு பொருள் தானே பேசுவதாக எழுதும் கட்டுரை. நான் ஒரு காலணி, நான் ஒரு பேனா, நான் ஒரு பள்ளிப்பை. காலணி ஒரு தொழிற்சாலையில் பிறக்கும். அங்கே அதற்கு நண்பர்கள் இருப்பார்கள். லாரியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு சிறுவனின் பிறந்தநாளுக்கு அப்பா அதை வாங்கிக் கொடுப்பார். சில காலம் அவன் அதைப் போற்றி வைத்திருப்பான். பிறகு அது கிழிந்து, குப்பைத்தொட்டியில் கிடந்து, தன் விதியை நொந்துகொள்ளும். பேனாவும் அப்படியே பிறந்து அப்படியே முடியும். பள்ளிப்பையும் அப்படித்தான்.

1988-இல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. 2021-இல் அது எடுக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் மாதிரிக் கட்டுரை ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. கதிரவன் பொற்கதிர் பரப்பும் ஒரு முன்னுரை, பறவைகள் கூவும் ஒரு பத்தி, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் ஒரு முடிவுரை. இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. அன்று தேசியமொழித் தாளில் புள்ளி குறைந்தால் இடைநிலைப்பள்ளிக்கு முன் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு போய்விடும். ஒரு தாளில் இருந்த அந்த அச்சம் எல்லாத் தாள்களுக்கும் பரவியது. பெற்றோர் கேட்டார்கள், தலைமையாசிரியர் கேட்டார், ஆசிரியர் மாதிரிக் கட்டுரையைக் கொடுத்தார்.

ஆனால் அதன் விலை என்ன என்று பாருங்கள். காலை ஐந்து மணிக்கு அம்மா எழுந்து விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மர வெட்டுக்காட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளை, பள்ளிக்கு வந்து, தான் பார்க்காத ஒரு தொழிற்சாலையைப் பற்றி எழுதுகிறது. தன் வீட்டில் நடப்பது எதுவும் கட்டுரைக்கு உதவாது என்று அந்தப் பிள்ளை முடிவுசெய்துவிடுகிறது. எழுத்து என்பது வேறு யாருடைய வாழ்க்கையையோ பற்றியது என்ற எண்ணம் பத்து வயதில் பதிந்துவிட்டால் பிறகு அதை எடுப்பது கடினம்.

அதனால்தான் தன்கதையை விட்டுவிடாமல் அதன் பொருளை மாற்றினேன். ஒரு ரப்பர் தோட்டப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் ஒரு மங்கு' என்று தலைப்புக் கொடுத்தேன். பால் வடிந்து சேரப் பால்மரத்தில் கட்டியிருக்கும் அந்தக் கிண்ணம்தான். சில நிபந்தனைகள் போட்டேன். மங்கு எங்கே பிறந்தது என்று எழுதக் கூடாது. ஒரே ஒரு நாளை எழுத வேண்டும், ஒரு விடியற்காலையிலிருந்து மறு விடியற்காலை வரை. எந்த நிரையில், எந்த மரத்தில், யார் கைக்கு வரும் மங்கு என்று சொல்ல வேண்டும். தெரியாததை வீட்டில் கேட்டுவிட்டு எழுத வேண்டும். மங்குக்கு வருத்தம், மகிழ்ச்சி என்று எழுதக் கூடாது. மங்கு பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும்.

அந்த வாரம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லா வீட்டிலும் கேள்விகள் கிளம்பின. ஏன் இருட்டிலேயே போய் வெட்டுகிறீர்கள்? குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும் என்று அம்மாக்கள் சொன்னார்கள். ஏன் இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டுவதில்லை? மரத்துக்கு ஓய்வு வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மரம்? நானூறு, ஐந்நூறு. இவை எந்தப் பயிற்சி நூலிலும் இல்லாத பதில்கள். பிள்ளையின் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் இருந்த பதில்கள்.

கட்டுரைகள் வந்தன. ஒரு மாணவி, மங்கு முதலில் கேட்பது சப்பாத்துச் சத்தம், பிறகு பார்ப்பது நெற்றி விளக்கு என்று எழுதியிருந்தாள். உளி படுவதற்கு முன் வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து எடுக்கும் கையையும், மங்கின் உள்பக்கத்தைத் துடைக்கும் கட்டைவிரலையும் எழுதியிருந்தாள். அந்த விரல் வெடித்திருந்தது என்று ஒரு வாக்கியம். அது யாருடைய விரல் என்று அந்த வாக்கியத்தில் அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஒரு மாணவன் மழை நாளை எடுத்துக்கொண்டான். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்துக்கொள்கிறது. மங்கில் தண்ணீர் நிறைகிறது, பால் கலங்கி வழிந்து தரையில் ஓடுகிறது, யாரும் வாளியோடு வரவில்லை. அடுத்த பத்தியில், அன்று வீட்டில் அப்பா பேசவில்லை என்று எழுதியிருந்தான். மங்குக்கு வீட்டில் நடப்பது எப்படித் தெரியும் என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கட்டுரையின் பார்வைக் கோணத்தைப் பற்றி நான் அன்று நடத்திய பாடம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இன்னொரு பிள்ளை, இலை உதிரும் பிப்ரவரி, மார்ச் மாதத்தை எழுதியது. மங்கில் பால் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. நிழலும் இல்லை. அந்த மாதங்களில் சம்பளம் குறையும் என்பதைப் பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

பிழைகள் இருந்தனவா என்றால், நிறைய இருந்தன. றகர ரகரம் தடுமாறியது. லகர ளகரம் இடம் மாறியது. நான் செய்தது இதுதான். முதல் நாள் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தேன், திருத்தாமல். மறுநாள் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினேன். மூன்றாம் நாள் பிள்ளை அதைப் படியெடுத்து எழுதியது. பிழைதிருத்தம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பிழையான தமிழோடு அனுப்பிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். ஆனால் வரிசை முக்கியம். பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, பிறகு எப்படிச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். தான் சொன்னதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார் என்று தெரிந்தால் பிள்ளை தானாகவே பிழையில்லாமல் எழுத விரும்பும்.

செய்யுளும் மொழியணியும் பகுதியிலும் இதற்கு இடமுண்டு. உவமைத்தொடர்களைப் பொருளோடு ஒப்பிக்க வைப்பது வழக்கம். 'இலைமறை காய் போல' என்ற தொடரை நடத்திவிட்டு, உன் லயத்தில் அது யார் என்று கேட்டேன். பாதி வகுப்பு ஆயாக் கொட்டகை ஆயாவைப் பற்றி எழுதியது. தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தூக்கி வளர்த்தவர், யாரும் மேடையில் ஏற்றி மாலை போடாதவர். அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு அவரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தோம். தேர்வுக்காகப் படிக்கும் ஒரு மொழியணி, ஒரு மனிதருக்கு மரியாதை தேடித்தந்தது.

இனி, படிப்பவரைப் பற்றி.

பிள்ளை எழுதுவதை ஆசிரியர் மட்டும் படித்துச் சிவப்பு மையில் புள்ளி போட்டு மூடிவிட்டால், அந்த எழுத்து அங்கேயே முடிந்துவிடுகிறது. இதை மாற்றிக் காட்டிய ஓர் ஆசிரியர் பிரான்சின் தெற்கு மலைப்பகுதியில் இருந்தார், பெயர் செலஸ்தேன் ஃபிரெனே. முதல் உலகப்போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நீண்டநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் முடியாது. அதனால் பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துப்போனார். தச்சரையும் வயலையும் ஓடையையும் பார்த்துவிட்டு வந்து எழுதச் சொன்னார். 1924-இல் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளையே கோக்கச் செய்து அச்சிட்டார். நாட்டின் மறுகோடியில், கடலோரப் பிரிட்டனிப் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கு அந்தத் தாள்கள் அஞ்சலில் போயின. அங்கிருந்து வேறு தாள்கள் வந்தன. மலைப்பிள்ளைகள் எழுதியதைக் கடற்கரைப் பிள்ளைகள் படித்தார்கள்.

நம் நாட்டுத் தமிழர்களுக்கும் இது புதிதல்ல. 1950 வாக்கில் தமிழ் நேசன் நாளிதழ் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நாளிதழ் வழியாகவே சிறுகதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கியது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அதில் எழுதிப் பழகியது. அவர்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அடுத்த வாரமும் எழுதியது.

எங்கள் பள்ளியில் அச்சு இயந்திரம் இல்லை. சைக்ளோஸ்டைல் இயந்திரமும் ஸ்டென்சில் தாளும் இருந்தன. பருவத்துக்கு ஒரு கையெழுத்து ஏடு கொண்டுவந்தோம். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி என்பதால் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் இருப்பார்கள். பெரியவர்கள் எழுதினார்கள், சின்னவர்கள் படம் வரைந்தார்கள். ஒரு பிரதி நூலகத்துக்கு, ஒன்று ஆயாக் கொட்டகைக்கு, ஒன்று மளிகைக் கடைக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளையே படித்துக் காட்ட வேண்டும் என்பது வீட்டுப்பாடம். வெட்டுக்காட்டைப் பற்றித் தன் பிள்ளை எழுதியதைக் கேட்ட ஒரு தாய், அதில் ஒரு தவறு இருக்கிறது என்று பள்ளிக்கே வந்து சொன்னார். உளி பிடிக்கும் கோணம் அப்படியில்லை என்று கையால் காட்டினார். அடுத்த ஏட்டில் திருத்தம் வெளியிட்டோம். தமிழ்ப்பள்ளியின் வாசலைத் தாண்டத் தயங்கும் ஒரு பெற்றோரை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது அந்தக் கட்டுரை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டக் கடிதம் அதைச் செய்ததில்லை.

இதே வழியில்தான் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதும் வேலையும் வந்தது. 1980-களில் தோட்டங்களில் சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் உயிரோடு இருந்தார்கள். 1942, 43-இல் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அதே பெரியவர்கள் போருக்குப் பின், 1946, 47-இல், இந்தக் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்ற தொண்டர் படையையும் பார்த்தவர்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் இளைஞர்கள். நாங்கள் பேசும் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவர்கள்.

இந்த வேலைக்கு மூன்று விதிகள் வைத்திருந்தேன். ஒரே ஒரு பெரியவரைக் கேட்க வேண்டும். 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் கஷ்டமாக இருந்தது என்று ஒரே சொல்லில் பதில் வரும். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் பேச விரும்பாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்த பதில்கள் மரவள்ளிக்கிழங்கில் தொடங்கும், கால்புண்ணுக்குப் போகும், கூடப்போன தம்பியில் நிற்கும். ஒரு தாத்தா இந்தக் கதையைத் தன் மகனிடம்கூடச் சொன்னதில்லை என்று அந்த மகனே வந்து என்னிடம் சொன்னார். பேரன் நோட்டோடு போய் உட்கார்ந்ததும் சொல்லியிருக்கிறார். பத்து வயதுப் பிள்ளை கேட்டால் பெரியவர்கள் மறுப்பதில்லை.

சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவான் இந்த மரண ரயிலைக் களமாகக்கொண்டு 'கையறு' என்ற நாவல் எழுதியிருக்கிறார். அவரும் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். கே. பாலமுருகன், லூனாசில் பிறந்த ம. நவீன் என்று இந்த வட்டாரத்திலிருந்து ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் வந்தவர்கள் பலர். இந்த மண்ணில் பொருள் கொட்டிக் கிடக்கிறது என்பதற்கு அவர்களே சான்று. ஆனால் அன்று நாங்கள் கேட்டுவைத்த குரல்கள் இன்று இல்லை. இன்றைய தாத்தாக்களிடம் வேறு கதைகள் இருக்கின்றன. தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயம் இடிந்தது, தாமான் குடியிருப்புக்கு வந்தது. அவற்றை இப்போதே கேட்க வேண்டும்.

இந்த ஊருக்கு வந்திருப்பதால் இரண்டு வேலைகளை இங்கேயே சொல்ல வேண்டும். மூடா ஆற்றின் தென்கரையில் மீன் ஏலம் நடக்கும் 'பாசார் பீசிக்' உங்களுக்குத் தெரியும். வாங்குபவர் ஏலக்காரரின் காதில் விலையை மெதுவாகச் சொல்வார், அடுத்தவருக்குக் கேட்காது. ஒரு மீனவப் பிள்ளை அதைப் பற்றிச் சொன்னதிலிருந்து, பேச்சே இல்லாத ஒரு வருணனைக் கட்டுரை எழுதச் சொன்னேன். முகத்தையும் கையையும் மீனையும் மட்டும் வைத்து, யார் வாங்கினார் என்று வாசிப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். உரையாடலை எடுத்துவிட்டால் பிள்ளைகள் எவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள் என்று அன்று கண்டேன்.

இன்னொன்று கடாரம், இந்தக் கெடாவின் பழைய பெயர். இங்கிருந்து சிறிது தொலைவில் மெர்போக் இருக்கிறது. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930-களில் அகழாய்வு செய்தார். புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை மீண்டும் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பட்டினப்பாலை சொல்லும் காழகம் இந்தக் கடாரம்தான் என்பது உரையாசிரியர் கருத்து. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்தது. அதற்கு முன்பே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழர்கள் கொடையாகக் கொடுத்தார்கள். போர், நட்பு இரண்டும் இருந்தன. பிள்ளைகளைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போய், காற்று திரும்பும்வரை இங்கே காத்திருக்கும் ஒரு கப்பல்காரர் நாகப்பட்டினத்தில் இருக்கும் தன் மகளுக்கு எழுதும் உறவுக் கடிதத்தை எழுதச் சொன்னேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் கடிதங்களைத்தான் அவர்கள் அதுவரை எழுதியிருந்தார்கள். இந்தக் கடிதங்களில் மழை, கொசு, மலை உச்சியைத் தேடிக் கப்பலோட்டும் வழி, வீட்டு நாய்க்குட்டி எல்லாம் வந்தன. 2013-இல் அந்தப் பள்ளத்தாக்கின் கோயில் இடிபாடுகளில் ஒன்று மேம்பாட்டுப் பணியில் தகர்க்கப்பட்டது என்ற செய்தி வந்தபோது, பழைய மாணவர்கள் சிலர் என்னைக் கூப்பிட்டு வருந்தினார்கள். அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒருமுறை எழுதியவர்கள் அவர்கள். எழுதிய இடம் நமக்குச் சொந்தமாகிவிடுகிறது.

அடுத்துச் சொல்லப்போவதை இந்த ஊரில் நின்று சொல்ல எனக்குத் தயக்கமுண்டு. 2004 டிசம்பர் 26. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்தது. பிற்பகலில் இந்தக் கரைக்கு அலை வந்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். சுமத்ரா குறுக்கே நின்றதால் நம் கரை இன்னும் பெரிய அழிவிலிருந்து தப்பியது. ஆனால் வீட்டையும் படகையும் மனிதரையும் இழந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் ஆகாது. நீங்கள் எல்லாரும் அதை நேரில் அறிந்தவர்கள். உடைந்த படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவுச்சின்னம் உங்கள் ஊரில் இருக்கிறது.

2005 ஜனவரியில் புதிய பள்ளி ஆண்டு தொடங்கியபோது, எங்கள் வகுப்பில் கரையோரத்திலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். 'சுனாமி' என்று தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுத வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் அதை ஏற்கவில்லை. அந்தச் சமயத்தில் மாதிரிச் சுனாமிக் கட்டுரைகள்கூட வந்துவிட்டன. துயரத்தைப் பட்ட பிள்ளையிடம் அதை உடனே முன்னுரை, முடிவுரையோடு எழுதச் சொல்வது கொடுமை. வெள்ளைத்தாளும் வண்ணமும் கொடுத்தோம். விரும்பியதை வரையலாம், வரையாமலும் இருக்கலாம். வாரக்கணக்கில் படகுகள் வந்தன. முதலில் கவிழ்ந்த படகுகள். பிறகு மரத்தில் மாட்டிய படகுகள். பிறகு ஒரு நாள், நேராக நிற்கும் ஒரு படகு. அதை வரைந்த பிள்ளை தானே வந்து இதன் கீழே ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தோம்.

அதன்பிறகு நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினோம். தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் அது. 6,000-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். கடாரத்துக் கப்பல்காரரின் கடிதம் போன அதே ஊர். கற்பனைக் கடிதத்துக்குப் பழகியிருந்த கைகள் இப்போது உண்மையான ஒரு கடிதத்தை எழுதின. எங்கள் பக்கத்துக் கடல் இப்போது அமைதியாக இருக்கிறது, உங்கள் பக்கம் எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. நான் திருத்திய கடிதங்களில் அதைவிட நல்ல வாக்கியம் எனக்கு நினைவில்லை.

பெற்றோர்களே, உங்கள் மனத்தில் இருக்கும் கேள்வி எனக்குத் தெரியும். இதற்கெல்லாம் புள்ளி வருமா? இந்தப் பயிற்சியில் வந்த பிள்ளைகள் தேர்வுத் தாளிலும் திணறவில்லை. தன் கண்ணால் பார்த்ததை எழுதப் பழகிய பிள்ளைக்கு எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் தொடங்க ஓர் இடம் கிடைக்கும். ஆசிரிய நண்பர்களே, உங்கள் கேள்வியும் தெரியும். பாடத்திட்டத்தில் நேரம் எங்கே? 1983-இல் கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் வந்தபோதே கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றை இணைத்து நடத்தச் சொன்னார்கள். பாட்டியிடம் கேட்டு வந்து, வகுப்பில் சொல்லி, எழுதி, மற்றவர் எழுதியதைப் படிக்கும் ஒரு வேலையில் இந்த நான்கும் அடங்கிவிடுகின்றன. இன்றைய வகுப்பறை மதிப்பீட்டுக்கும் அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

இன்று வெட்டுக்காடு குறைந்துவிட்டது. நம் பிள்ளைகள் பலர் மங்கைப் பார்த்ததே இல்லை. அப்படியானால் அவர்களுடைய மங்கு எது? அம்மா இரவு வேலைக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்து. பாதுகாவலர் வேலை பார்க்கும் அப்பாவின் கைவிளக்கு. செம்பனைக் குலை ஏற்றும் லாரி. அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆசிரியரின் வேலை. கைப்பேசியில் தலைப்பைக் கொடுத்தால் நொடியில் கட்டுரை வந்துவிடும் காலம் இது. 'நான் ஒரு காலணி' அதில் வரும், நம் பிள்ளைகள் எழுதியதைவிடப் பிழையில்லாமல் வரும். அம்மாவின் கட்டைவிரல் வெடித்திருந்தது என்பது அதில் வராது. அதைப் பார்த்த பிள்ளைதான் எழுத முடியும்.

1816-இல் பினாங்கில் ஒரு பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பு, இன்று நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக நிற்கிறது. கெடாவில் மட்டும் ஐம்பதுக்கும் மேல். இத்தனை பள்ளிகளில் ஆண்டுதோறும் எழுதப்படும் கட்டுரைகள் இந்த மண்ணில் தமிழர் வாழ்ந்ததற்கு ஆவணமாக இருக்க வேண்டும். ஆண்டு முடிந்ததும் பழைய தாள் வாங்குபவருக்குப் போகும் நோட்டுகளாக இருக்கக் கூடாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, வாரத்துக்கு ஒரு நாள் மாதிரிக் கட்டுரை நூலை மூடிவைத்துவிட்டு, பிள்ளையின் வீட்டிலிருந்து மட்டுமே பதில் வரக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், புள்ளியைப் பிறகு பாருங்கள். தலைமையாசிரியர்களே, பள்ளிக்கு ஒரு கையெழுத்து ஏடு வேண்டும், அதன் ஒவ்வொரு பிரதியும் நூலகத்தில் பாதுகாக்கப்பட வேண்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மேலிடத்து அனுமதி வேண்டாம். வரும் திங்களன்றே தொடங்கலாம். தொடங்குங்கள்.